சுத்தியல் மறைந்த ரிவால்வர்

இன்னைக்கு நான் சொல்லப்போறது கோட்டுப் பைக்குள்ள அடங்குற ஒரு ரிவால்வரோட கதை.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம், 1887. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி, ஐந்து தோட்டா போடுற சின்ன ரிவால்வர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுத்தியல் உள்ளேயே மறைந்திருக்கும். எடுக்கும்போது துணியில் மாட்டாது. கைப்பிடியின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்தால்தான் சுடும். விபத்து குறையும், சரி. குறி வைக்கிறது?

அங்கேதான் சிக்கல். சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே இழுத்து வைக்க வழி இல்லை. விசையின் ஒரே இழுப்பு உருளையைச் சுழற்றணும், சுத்தியலைத் தூக்கணும், விடவும் செய்யணும். இழுப்பு நீளம், கனம், குழலோ குட்டை. பழகாத கை ஆடிடும்.

சுட்டுப் பழகினா அடுத்த வேலை, சுத்தம் பண்றது. அந்தக் காலத் தோட்டாவின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெயில் அது கரையாது. அதனாலதான் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி, நல்லா துடைச்சு, அப்புறம் எண்ணெய் போட்டாங்க. துருப்பிடிக்க வைக்காத தீமூட்டிகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1920-களில்தான்.

நம்ம நாட்டில் 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களின் தற்காப்புக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் அரை கிலோ, விலை ஒரு லட்சத்துக்கும் மேல். எடை குறைவு என்பதே பெரிய செய்தியாச்சு. வாங்குறவங்க எங்கே போய்ச் சுட்டுப் பழகுவாங்க? என்னைக் கேட்டா, முதல்ல பேசியிருக்க வேண்டியது அதைத்தான்.