சைக்கிளும் மரியாதையும்

சென்ற வருஷம் எங்கள் தோட்டத்துக் காரியாலயச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. வேலை நேரத்தில் தொழிலாளர் எவரும் கைப்பேசி வைத்திருத்தல் கூடாது. காலைப் பெரட்டின்போதே அதைக் கிராணியிடம் ஒப்படைத்துவிட்டு, வேலை முடிந்தபின் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மானேஜர் சொல்ல, தட்டெழுதியவன் நான். பசை தடவி ஒட்டியவனும் நானே. அந்த அறிவிப்பின் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்குமுன் வாசகர்கள் என்னோடு பழைய காலத்துச் சைக்கிள் ஒன்றைப் பார்க்க வரவேண்டும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு தொழிலாளி சைக்கிளில் வருகிறார். எதிரே துரையோ கிராணியோ வந்துவிட்டால், அவர் உடனே இறங்கி, வண்டியைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். வருகிறவர் கடந்து சென்ற பிறகுதான் மீண்டும் ஏறலாம். மலாயாத் தோட்டங்களில் எதிர்பார்க்கப்பட்ட மரியாதை இது. மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். 1941-ஆம் வருஷம் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள், ஐரோப்பிய மானேஜர்கள் முன்பும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்பும் சைக்கிளை விட்டு இறங்காமலே செல்ல அனுமதி வேண்டும் என்பதும் ஒன்று.

நான் ஆங்கிலத்தில் கல்வி கற்றவன். வாட்டர்லூ யுத்தம் நடந்த வருஷத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். நான் பிறந்து வளர்ந்த சிலாங்கூரிலேயே நடந்த இந்தச் சங்கதியோ முப்பது வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. தெரிந்தபோது முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஏனெனில், அந்தக் கோரிக்கையிலே குறிப்பிடப்படும் ‘ஆசிய உத்தியோகஸ்தர்’ யார்? எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் அமர்ந்திருந்த கிராணிமார்தாம்.

அந்தக் கிளர்ச்சி ஒரே நாளில் கிளம்பியதன்று. ரப்பர் விலை வீழ்ச்சியைக் காரணங்காட்டி 1938-இல் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டது. அதன்மேல் இந்திய சர்க்கார், உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதை அவ்வருஷம் ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டது. பிறகு ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி, அரிசி விலையும் ஏற்றம், கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. சீனத் தொழிலாளருக்குக் கிடைத்த கூலி தமிழருக்குக் கிடைக்கவில்லை என்ற குறையும் சேர்ந்துகொண்டது. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் உதவி ஆசிரியராயிருந்த ஆர். எச். நாதனும், கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கமும் முன்னின்றனர். கூலி உயர்வு, சரியான வைத்தியம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்கள்மீது கை வைக்கும் கொடுமையை ஒழித்தல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியவற்றைக் கேட்டார்கள். அந்த வரிசையில்தான் சைக்கிளும் நிற்கிறது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கும்படி கேட்டுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். எங்கள் கோலாசிலாங்கூர்ப் பக்கமும் நெருப்புப் பற்றியது. மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

உயிர் போகும் இத்தனை விஷயங்களுக்கு நடுவே ஒரு சைக்கிளுக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அக்காலத் தோட்டத்தை மனத்தில் வரைந்து பார்த்தபோதுதான் விளங்கியது. லயன் தோட்டத்தினுள், கடை தோட்டத்தினுள், கள்ளுக்கடை தோட்டத்தினுள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஏதேனும் இருந்தால் அதுவும் தோட்டத்தினுள். கால்நடையாகச் செல்பவர் இந்த வட்டத்தைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சைக்கிள் வைத்திருப்பவரோ மாலை வேலை ஓய்ந்ததும் ஜெராமுக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் போய் வருவார். வரும்போது ஒரு பத்திரிகையை மடித்து எடுத்து வருவார். அதை லயன் வாசலில் ஒருவர் வாசிக்க, இருபது பேர் கேட்பார்கள். அடுத்த தோட்டத்துத் தமையனைக் கண்டு, அங்கே என்ன கூலி, என்ன அடி என்பதையும் விசாரித்து வருவார். உறவினரை உள்ளே விடு என்ற கோரிக்கையும், சைக்கிளில் போக விடு என்ற கோரிக்கையும் பார்வைக்கு இரண்டு, உண்மையில் ஒன்றே. ஒன்று செய்தியை உள்ளே வரவிடச் சொல்வது. மற்றது செய்தியைத் தேடி வெளியே செல்ல விடச் சொல்வது.

ஆனால் ஏறக்கூடாது என்று சொல்லவில்லையே, இறங்கு என்றுதானே சொன்னார்கள் என்று வாதிடுவோரும் இருக்கக்கூடும். இவ்வாதம் புதிதன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். ஹட்டன் என்ற ஆங்கில அறிஞர் இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். பொன் வெள்ளி நகை அணியலாகாது; பெண்கள் உடலின் மேற்பாகத்தை மறைக்கலாகாது; ஆடவர் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கலாகாது, செருப்பும் அணியலாகாது என்றெல்லாம் அந்தப் பட்டியல் போகிறது. குடை எவரை என்ன செய்தது? செருப்பு எவரைக் கடித்தது? அவை தம் சொந்தக் காசில் வாங்கிய பொருள்கள் என்பதே குற்றம். குடைக்கு அஞ்சியவர்களிடமிருந்து தப்பிக் கப்பலேறியவர், இங்கே சைக்கிளுக்கு அஞ்சியவர்களிடம் அகப்பட்டுக்கொண்டார். வெள்ளைத் துரை கேட்டது ஆள்பவன் கேட்கும் மரியாதை. எங்கள் இனத்துக் கிராணி கேட்டதோ, ஊரிலிருந்து பெட்டியிலே கட்டிக்கொண்டு வந்த மரியாதை என்பது என் அபிப்பிராயம்.

அதே வருஷம் டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். அவர்களுடைய காலாட்படையிற் பெரும்பகுதி சைக்கிளை மிதித்தே தெற்கு நோக்கி விரைந்தது என்பது சரித்திரத்தின் பரிகாசம். 1942 ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் ஓடினர். தொழிலாளிக்கு விடிந்ததா என்றால் இல்லை. ஆயிரமாயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்கு வாரிச் செல்லப்பட்டனர். அது தனிக் கதை.

இனி அறிவிப்புக்கு வருவோம். இன்று எங்கள் ஜில்லாவில் ரப்பர் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், எங்கும் செம்பனை. 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோகோனியே இந்நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனை நடவைத் தொடங்கியதும் இந்த ஜில்லாவிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். ஆளும் மாறிவிட்டது. இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தமிழர் என்று பல தேசத்தார் குலை வெட்டுகின்றனர். இவர்களுடைய சைக்கிள் கைப்பேசிதான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே குலையை அறுக்கும் வேலை இது. ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். மரத்தடியில் நின்றுகொண்டு கைப்பேசியில் பேசுவது அறிவீனம். அதைத் தடுப்பது சரியே. ஆனால் எங்கள் அறிவிப்பு அதோடு நிற்கவில்லை. அதற்கு முந்திய வாரம் ஒரு தொழிலாளி, குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் பாசி படர்ந்திருந்ததைப் படம் பிடித்து வெளியே அனுப்பியிருந்தார். தண்டலுக்கோ தடையில்லை, அவர் காலை ஆறரை மணிக்குள் ஆள் கணக்கைக் கைப்பேசியில் அனுப்பியே ஆகவேண்டும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகள் வகுத்திருக்கிறது. வெளியுலகோடு தொடர்பற்றுத் தனிமைப்படுத்தப்படுவது அவற்றுள் ஒன்று. அதைப் படித்தவன்தான் அறிவிப்பையும் தட்டெழுதினேன்.

நாற்பத்து மூன்று கைப்பேசிகள் என் மேசை இழுப்பறையில் கிடந்தன. ஒரு நாள் காலை எட்டு மணி முதல் அவற்றுள் ஒன்று விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். ‘தங்கச்சி’ என்று தமிழில் பெயர் மின்னியது. மூடிவிட்டேன். காடு மூன்று மைல், விதி விதிதான், கணக்கும் முடியவில்லை. மத்தியானத்துக்குள் பதினொரு முறை அழைப்பு வந்தது. இரண்டு மணிக்கு அவர் காட்டிலிருந்து திரும்பியபோது, புதுக்கோட்டையில் அவருடைய தாயார் காலமாகி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வீடியோவிலேனும் தாயின் முகத்தைப் பார்க்கலாமென்று அழைத்தார், அதற்குள் எடுத்துவிட்டார்களாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. கைப்பேசியை என்னிடமிருந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, “சரிங்க ஐயா” என்று சொல்லி, ஓரமாக விலகி நின்று எனக்கு வழி விட்டார்.

மறுநாள் மானேஜரிடம் பேசினேன். மூன்று வாரம் பேசினேன். அறிவிப்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது. கைப்பேசிகள் மட்டும் இப்போது என் இழுப்பறைக்கு வருவதில்லை. ஒரு தகரப் பெட்டியில் தண்டலோடு காட்டுக்கே போகின்றன. மணி அடித்தால் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்; ஆள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வருகிறார். தண்ணீர்த் தொட்டியை இன்னும் கழுவவில்லை.