போள் வீட்டின் விலை

நகர வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் கோட்டைகளையும் கோபுரங்களையும் மசூதிகளையும் நாடிச் செல்வர். அவை ஆண்டவர்களின் வரலாற்றைக் கூறும்; வாழ்ந்தவர்களின் வரலாற்றைக் கூறுவன வீடுகளே. அகமதாபாத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், சபர்மதியின் கிழக்குக் கரையிலுள்ள பழைய நகருக்குத் துணி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் செல்கிறோம். மாணேக் சௌக்கின் நெரிசலில் புகுந்து மீள்கிறோம். ஆனால் அக்கடைத் தெருக்களின் பின்னே போள் என்னும் பெயருடன் நூற்றுக்கணக்கான குடியிருப்புகள் இருப்பதை நம்மிற் பலர் கண்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காடியாப் பகுதியிலுள்ள ஒரு போளுக்குள் நண்பர்களுடன் சென்றேன். அங்கே மூன்று அடுக்குகள் கொண்ட ஒரு பழைய வீடு புதுப்பொலிவுடன் நின்றது. தேக்குத் தூண்களும் போதிகைகளும் எண்ணெய் பூசப்பெற்று மின்னின. செங்கற்சுவர் மீண்டும் சுண்ணாம்புக் காரை பெற்றிருந்தது. கதவில் மட்டும் ஒரு சிறு அட்டை தொங்கிற்று: விற்பனைக்கு. எதிர்த் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர், இதனைப் பழுது பார்த்தவர் இங்கே ஒரு மழைக்காலமேனும் தங்கவில்லை என்றார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தமே இருந்தது. இத்தகைய வீட்டை விற்கும்போது உண்மையில் எது விற்கப்படுகிறது என்னும் வினா அன்று என்னுள் எழுந்தது. அதற்கு விடை காண வேண்டின், போளின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா இந்நகரை நிறுவினார். முகூர்த்த போள் என்பதே இங்கெழுந்த முதற்போள் என்று வழங்குவர். போள் என்னும் சொல் வாயிலைக் குறிக்கும் ‘பிரதோலி’ என்னும் வடசொல்லின் திரிபு என்பர் அறிஞர். பெயருக்கேற்ப ஒரே வாயில், அதனுள் கிளைக்கும் குறுகிய சந்துகள், பெரும்பாலும் ஒரு குலத்தாரோ ஒரு தொழிலாரோ சேர்ந்து வாழும் வீடுகள், நடுவே ஒரு கோயில், பறவைகளுக்குத் தானியம் இடும் சபூத்ரோ என்னும் மரமாடம் ஆகியவை கொண்டது போள். 18ஆம் நூற்றாண்டில் முகலாயர் ஆட்சி தளர்ந்து மராட்டியர் படையெடுத்த காலத்தில், இரவில் கதவடைத்துக் காவலர் காத்த இப்போள்களே மக்களுக்கு அரணாயின.

வீட்டின் அமைப்போ நமக்குப் பழகியதே. தெருவை நோக்கிய ஓட்லோ நம் திண்ணை. நடுவில் வானம் பார்த்த சௌக் நம் முற்றம். அம்முற்றத்தின் அடியிலே நாம் அறியாத ஒன்று உண்டு. அதுவே டாங்கா என்னும் நிலத்தடித் தொட்டி. முதல் மழையில் கூரை கழுவப்பட்டபின், அடுத்துப் பெய்யும் நீரைக் குழாய்வழி இறக்கி இருளிற் சேமித்து ஆண்டு முழுதும் பருகினர். 1890களில் நகராட்சிக் குழாய்நீர் பரவத் தொடங்கும்வரை பல வீடுகளுக்குக் குடிநீர் அதுவே.

சுவரைக் கூர்ந்து நோக்கினால் செங்கல் வரிசைகளுக்கிடையே நீண்ட மரச்சட்டங்கள் பதிந்திருப்பதைக் காணலாம். வீட்டின் சுமையைத் தாங்குவதில் மரக்கட்டுக்குப் பெரும் பங்குண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் அதனோடு இசைந்து நிற்கும். நிலம் அசைந்தால் வீடும் சற்று அசைந்து கொடுக்கும். 1819ஆம் ஆண்டுக் கட்சு நிலநடுக்கத்தில் ஜும்மா மசூதியின் உயர்ந்த தூபிகள் வீழ்ந்தன. 2001ஆம் ஆண்டு குடியரசு நாளன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் இந்நகரின் புதிய அடுக்குமாடிகள் பல இடிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; போள் வீடுகள் பல விரிசலோடு பிழைத்து நின்றன. அண்டை வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து பொதுச்சுவரில் நிற்பதும் அவ்வுறுதிக்கு ஒரு காரணம். ஆகவே ஒரு வீட்டை இடித்தால் பக்கத்து வீடும் தளரும்.

கட்டடத்தில் அமைந்த இவ்வுறவைப் போளின் வழக்கமும் ஏற்றிருந்தது. போளுக்குரியவர் கூடிய பஞ்ச், வாயிலின் பழுதையும் காவலர் கூலியையும் தெருத் தூய்மையையும் கவனித்தது. போளிலுள்ள வீட்டை விற்க விரும்புவோர் முன்னாளில் அதனைப் போளிலுள்ளாருக்கே முதலில் கூறவேண்டும். அவர் வேண்டாவென்றால்தான் வெளியாருக்கு விற்கலாம். விற்ற தொகையில் ஒரு பங்கு போளின் பொதுநிதிக்குச் சேரும். பிரிட்டிஷார் ஆட்சியில் இவ்வழக்கத்திற்குச் சட்டத்தின் வலிமை குன்றியது. எனினும் அதன் பொருள் தெளிவு: வீடு ஒருவருடையது, வாழிடம் எல்லோருடையதும் என்பதே. அயலார் புகுவதைத் தடுக்கும் குறுகிய நோக்கமும் அதிலுண்டு; அதனை நாம் இன்று போற்ற வேண்டியதில்லை. வருபவர் போளின் சுமையில் பங்கேற்க வேண்டும் என்னும் நெறியோ இன்றும் போற்றத்தக்கது.

1861ஆம் ஆண்டில் ரண்சோட்லால் சோட்டாலால் நிறுவிய நூற்பாலை இயங்கத் தொடங்கியது. ஆலைகள் பெருகின, அத்தொழிலை நாடித் தமிழ்க் குடும்பங்களும் பிற்காலத்தில் இந்நகர் வந்தன. 1892இல் எல்லிஸ் பாலம் இரும்பினால் உறுதியாக அமைந்தபின், செல்வர்கள் மெல்ல மெல்ல ஆற்றின் மேற்கே தோட்டவீடுகள் கட்டிப் பெயர்ந்தனர். மோட்டார் நுழையாத சந்து, மாடிக்கேறும் செங்குத்தான படி, பாகப்பிரிவினை வழக்கு ஆகியவை எஞ்சியவரையும் வெளியேற்றின. வீடுகள் சரக்கறைகளாயின. மரவேலையின் புகழே சில வீடுகளுக்குப் பகையாயிற்று. இந்நகர்த் தச்சரின் திறம் கண்டு வியந்த அமெரிக்கர் லாக்வுட் டி ஃபாரஸ்ட், மகன்பாய் ஹதீசிங்குடன் சேர்ந்து 1881இல் மரச்செதுக்குப் பட்டறை தொடங்கினார். இங்குச் செதுக்கிய தேக்கு நியூயார்க்கில் அவர் கட்டிய வீட்டை அணி செய்தது. அது புதிதாகச் செய்வித்த வேலை, தச்சருக்கு வாழ்வளித்தது. பின்னாளிலோ, நின்ற வீடுகளையே பிரித்துத் தூண் வேறு, கதவு வேறாகப் பழம்பொருள் வணிகருக்கு விற்றனர்.

நல்ல திருப்பமும் வந்தது. 1996இல் மாநகராட்சி மரபுக் கட்டடங்களுக்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. 1997 நவம்பர் 19 முதல் காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலினின்று ஜும்மா மசூதிவரை மரபுநடை நடைபெறலாயிற்று. அவ்வழியில், கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த இடத்தில் அவர் வீட்டின் முகப்பை எழுப்பி, அவருடைய வெண்கலச் சிலையை அமர்த்தியுள்ளனர். 2017 ஜூலையில் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்திய நகரம் இதுவே. பட்டியலிலுள்ள வீட்டை இடிக்காமற் காக்கும் உரிமையாளர், தாம் கட்டாத அடுக்குகளுக்குரிய கட்டட உரிமையை நகரின் வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்று, அப்பொருளால் பழுது பார்க்கவும் விதி வகுத்தனர். சில ஹவேலிகள் விடுதிகளாகவும் கலைக்கூடங்களாகவும் உயிர்பெற்றன.

எனவே புதுப்பித்து விற்பதைக் குறைகூறல் தகாது. வாங்குவார் உண்டென்னும் நம்பிக்கையின்றி எவர் தச்சரை அழைப்பார்? ஆனால் தூணுக்கு விலையுண்டு, கதவுக்கு விலையுண்டு. மாலையில் ஓட்லோவில் கூடும் அண்டையாருக்கு விலையேது? ஆளில்லாத மரவீட்டில் கரையான் குடிபுகும். தூர்வாராத டாங்காவில் நீர் கெடும். ஒழுகும் கூரையை உரிய காலத்தில் மாற்றாவிடில் பக்கத்துச் சுவரும் ஊறும். பழுது பார்த்தல் ஒரு முறை செய்து முடிப்பதன்று. குடியிருத்தலே நாள்தோறும் நடைபெறும் பழுதுபார்ப்பு.

கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது, கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் வீடு என்று அண்டையாரை எல்லையாகக் குறிப்பது நம் நாட்டு வழக்கம். போளில் அவர்கள் எல்லைகள் மட்டும் அல்லர். நம் உத்தரத்தைத் தாங்கும் மறுபாதிச் சுவர். நம்மில் பலர் ஊரிலுள்ள பாட்டன் வீட்டை விற்றுவிட்டு இங்குக் காலனியில் வாழ்கிறோம். திண்ணையை விற்றவர்க்குத் திண்ணையின் அருமை தெரியும். அடுத்த முறை மாணேக் சௌக்கிற்குச் செல்லும்போது, குழந்தைகளின் கைபிடித்து ஒரு போளுக்குள் நுழைந்து பாருங்கள். ஓட்லோவில் அமர்ந்திருக்கும் பெரியவர் நிச்சயம் பேச்சுக் கொடுப்பார். சற்றே அமர்ந்து கேளுங்கள். நான் கண்ட வீட்டிற்கும், விலை கொடுப்பவர் மட்டுமின்றி, விளக்கேற்றி வாழ்பவர் ஒருவர் வாய்ப்பாராக.