கப்பலின் நீர்வாய்

நீராவி யந்திரத்தைக் கடலில் இறக்கிய நாள் தொட்டு, கப்பற் பொறியாளருக்கு நெருப்பைக் காட்டிலும் தண்ணீரே பெருங்கவலையாக இருந்து வந்திருக்கிறது. ஜேம்ஸ் வாட் 1769-இல் உரிமை பெற்ற முறைப்படி, வேலை முடித்த ஆவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்க நீர் வேண்டும். கப்பலிலோ கைக்கெட்டுவது கடல்நீர் ஒன்றே. அதனை ஆவியின்மேல் நேரே பாய்ச்சியதனால் உப்பு கொதிகலம் வரை சென்று கல்லாய் இறுகிற்று. 1834-இல் ஸாமுவேல் ஹால் என்பவர், குழாய்ச் சுவர்களின் ஒருபுறம் ஆவியும் மறுபுறம் நீருமாய்ப் பிரிந்தோடும் குளிர்கலத்துக்கு உரிமை பெற்றார். 1838-இல் கார்க்கிலிருந்து நியூயார்க் சென்ற ஸிரியஸ் கப்பல் அதைப் பூண்டிருந்தது.

உப்பின் உபத்திரவம் ஒருவாறு தணிந்தது. ஆனால் கடல் தன் நீரைத் தனியே அனுப்பும் சுபாவமுடையதன்று. கப்பலின் அடியில் வலியத் துளையிட்டு, வெளிப்புறமாய்த் திறக்கும் கூம்பு வடிவக் கிங்ஸ்டன் வால்வைப் பொருத்தி, கடலின் அழுத்தமே அதை மூடி நிறுத்தும்படி செய்த யுக்தி மெச்சத்தக்கதே எனினும், பாசியையும் சொறிமீனையும் அது என் செய்யும்? ஆகவே துளையின் வாயில் கம்பிச்சட்டம் வைத்தார்கள். சட்டத்தில் பாசி அப்பினால் உள்ளிருந்து ஆவியைப் பீறிடவிட்டு வெளியே தள்ளினார்கள். ஆழமற்ற துறைகளில் அடிவாயை மூடிப் பக்கவாயைத் திறப்பதும், சேறு ஏறாதிருக்கக் கண்ட உபாயமே.

தொல்லையிற் பெரிது, ஒட்டி வளரும் கொட்டலசும் சிப்பியுமாம். மரக்கப்பல்களைச் செம்புத் தகடு காத்தது. அச்செம்பு அரிக்காதிருக்க 1824-இல் ஹம்ப்ரி டேவி இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்தார். அரிப்பு நின்றது, உடனே கொட்டலசு குடியேறிற்று! செம்பு சிறிது சிறிதாய்க் கரைந்து நஞ்சாவதே அதுகாறும் அவற்றை விரட்டியது; அவ்வளவு பெரிய விஞ்ஞானியின் வெற்றியே அவர் தோல்வியாயிற்று. இரும்புக் கப்பலிலோ, செம்பு பட்டால் இரும்பே அரிபடுமாதலின், அத்தகட்டை நேரே போர்த்தவும் வழியில்லை. நிழலும், இரை சுமந்து ஓயாது ஓடிவரும் நீரும் வாய்த்த, துளைக்கு உட்புறமுள்ள நீர்ப்பெட்டி, சிப்பிகளுக்கு இயற்கையாகவே உகந்த வாசஸ்தலமாயிற்று.

எஞ்சிய பரிகாரம் மனிதன் கையே. உள்ளே வரும் நீரை வடிகட்டும் இரட்டைச் சல்லடைகளில் ஒன்றில் நீர் ஓட, மற்றதன் மூடித் திருகுகளைத் தளர்த்தி, கூடையைத் தூக்கி, துளைகளில் சிக்கிய பாசித் திரியையும் ஓட்டுத் துணுக்கையும் கம்பித்தூரிகையால் தேய்த்து, ரப்பர் வளையத்தைத் துடைத்து, மீண்டும் இறுக்குவார்கள். ஆவி போய் டீசல் வந்த பின்னும், கலங்கிய துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டதும் கப்பற் பொறியறையில் இவ்வேலை அப்படியே நடைபெற்று வருகிறது.