ஒப்பந்தகாரரின் மாசுப் பொறுப்பும் காப்புறுதித் தெரிவும்: கொழும்பின் கட்டடப் பணிகளை முன்வைத்து

1. வரையறை

கட்டடத் தளத்திலிருந்து வெளியேறிப் பிறர் உடலுக்கோ உடைமைக்கோ, நீர், மண், காற்று என்பவற்றுக்கோ கேடு விளைக்கும் திண்ம, திரவ, வாயுப் பொருளை இங்கு மாசு என்கிறோம். அதனை வெளிவிட்டதாலோ, நிலத்தில் முன்பே கிடந்ததைக் கிளறிவிட்டதாலோ ஒப்பந்தகாரர்மீது விழும் சட்டக் கடப்பாடு மாசுப் பொறுப்பு. அக்கடப்பாட்டின் பணச்சுமையைக் கட்டுப்பணம் பெற்றுக்கொண்டு காப்புறுதியாளர் ஏற்பது மாசுப் பொறுப்புக் காப்புறுதி.

இவ்வரையறைக்குள் வராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் பொதுச்சுவரோடு ஒட்டிநிற்கும் பழைய வீடுகளின் அருகே பைலிங் நடக்கையில் சுவர் வெடித்தால் அது மாசன்று, அதிர்வுச் சேதம். ஒப்பந்தகாரர் அனைத்து இடர்க் காப்புறுதியில் தனி மேலொப்பம் பெற்று அதனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே தளத்துப் பென்டனைட் சேறு வடிகாலில் இறங்கினால் அது மாசு. அயல்வீட்டாருக்கு இரண்டும் ஒரே தொல்லையாகத் தோன்றலாம். காப்புறுதிப் பத்திரத்துக்கு அவை இரண்டு வேறு இடர்கள்.

2. பொறுப்பு எழும் வழிகள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் முதல் வழி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் பொதுத்தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிடுவது இன்னொன்று. இழப்பீட்டைப் பொறுத்தவரை இவற்றினும் கனமானது ரோமன்-டச்சுச் சட்டத்தின் தீங்கியல் வழக்கு. அதற்கான காலவரை, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, வழக்குமூலம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகள். ஆனால் சேதம் நேராமல் இவ்வழக்குமூலம் முழுமையடையாது. வேலை முடிந்து கட்டடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் அயலவரின் கிணறு கெடுமாயின், அந்த 2 ஆண்டுகளைக் கட்டடம் ஒப்படைத்த நாளிலிருந்து எண்ண முடியாது. காப்புறுதித் தெரிவின் மையச் சிக்கல் இதுவே என்பது எமது துணிபு.

சுன்னாகம் இதற்கு நம் நாட்டுச் சான்று. அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் அப்பகுதிக் கிணறுகள் கெட்டன என்ற அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. மாசாக்கியவரே செலுத்த வேண்டும் என்னும் கொள்கை அத்தீர்ப்பின் அடித்தளம். அந்நிறுவனம் கட்டட ஒப்பந்தகாரர் அன்று. ஆயினும் நிலத்தடி நீர் மெல்ல மெல்லக் கெடும் விதம் இருவருக்கும் ஒன்றே.

3. வகைகள்

நிகழும் வேகத்தை அளவாகக் கொண்டு மாசினைத் திடீர் மாசு, படிமுறை மாசு என இரண்டாகப் பகுக்கிறோம். டீசல் பவுசர் கவிழ்வது திடீர் மாசு: நாளும் நேரமும் குறிக்கலாம். ஜெனரேட்டர் தாங்கியின் அடியிலுள்ள நுண்துளையால் மாதக்கணக்கில் மண்ணில் ஊறுவது படிமுறை மாசு. வெள்ளவத்தையில் சில பேர்ச் காணியில் மாடிக்குடியிருப்பு எழுப்புவோர் நிலக்கீழ்த் தளத்துக்காக ஊற்றுநீரை இரவுபகலாகப் பம்பினால் இறைக்கின்றனர். சீமெந்துப் பாலும் எண்ணெயும் கலந்து அந்நீர் வடிகால்வழி கால்வாயை அடையுமாயின், எந்த நாளில் கேடு தொடங்கியது என்று எவராலும் சொல்ல இயலாது.

அனைத்து இடர்ப் பத்திரத்தின் மூன்றாம் தரப்புப் பொறுப்புப் பிரிவையே பலர் போதுமெனக் கொள்கின்றனர். பொறுப்புப் பத்திரங்களில் வழமையாகக் காணும் மாசு விலக்கு வாசகமோ, குறித்த நேரத்தில் எதிர்பாராது முழுமையாக நிகழ்ந்த திடீர் மாசுக்கே இடம் தருகிறது. இவ்வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பொதுப் பொறுப்புப் பத்திரங்களில் திடீர் மாசுக்கு விதிவிலக்கு அளித்த வாசகம் 1973இல் சேர்ந்தது. 1986இல் அதுவும் நீங்கி ஏறத்தாழ முழுமையான விலக்கு வந்தது. ஒப்பந்தகாரருக்கான தனி மாசுப் பத்திரம் அவ்வெற்றிடத்தில் வளர்ந்ததே. போபால் விபத்தின் பின் இந்தியா 1991இல் அபாயப் பொருள்களைக் கையாள்வோர்க்குப் பொறுப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அதுவும் விபத்தையே நோக்கியது, மெல்லக் கசிவதை அன்று.

4. தெரிவின் ஒழுங்கு

கட்டுப்பணத்தை ஒப்பிடுவது கடைசிப் படி. முதலில் பார்க்க வேண்டியது பத்திரத்தின் காலப் பிணைப்பு. நிகழ்வு அடிப்படைப் பத்திரம், காப்புறுதிக் காலத்துள் நேர்ந்த சேதத்துக்கு, கோரிக்கை எப்போது வந்தாலும் பொறுப்பேற்கும். கோரிக்கை அடிப்படைப் பத்திரம், காலத்துள் வந்த கோரிக்கைக்கே பொறுப்பேற்கும். பின்னதையே பெற நேர்ந்தால் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும்: பழைய வேலைகளையும் உள்ளடக்கும் பின்னோக்கு நாள், வேலை முடிந்த பின்னும் கோரிக்கையை ஏற்கும் நீடித்த அறிவித்தல் காலம். ஒவ்வோர் ஆண்டும் காப்புறுதி நிறுவனத்தை மாற்றுபவர் புதுப் பத்திரத்தில் பின்னோக்கு நாள் முன்னகர்ந்திருப்பதைக் கவனிக்காது விட்டால், முந்தைய வேலைகள் அனைத்தும் காப்பின்றி நிற்கும்.

அடுத்து, நிலத்தின் முன்னைய நிலை. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையில் பழைய பண்டகசாலையோ வாகனத் திருத்தகமோ இருந்த காணியில் எண்ணெய் ஊறிய மண் இருக்கக்கூடும். அதனைத் தோண்டிப் பரப்பியதால் வரும் பொறுப்பையும் பத்திரம் ஏற்க வேண்டும். வேலை தொடங்குமுன் மண், நீர் மாதிரிகளைச் சோதித்து அறிக்கையைப் பேணுவது பின்னாளில் காரணத்தைப் பிரித்துக்காட்ட உதவும்.

துப்புரவாக்கும் செலவு இழப்பீட்டினின்றும் வேறானது. பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். தண்டப்பணத்தைப் பொறுப்புப் பத்திரங்கள் பொதுவாக ஏற்பதில்லை. உப ஒப்பந்தகாரரின் செயலும், தோண்டிய மண்ணை லொறியில் ஏற்றித் தளத்துக்கு வெளியே கொட்டுமிடம் வரையான போக்குவரத்தும் எழுத்தில் இடம்பெற வேண்டும். ஏனெனில் மண் அகற்றும் வேலையைச் செய்பவர் பெரும்பாலும் உப ஒப்பந்தகாரரே. வழக்குத் தொடுப்பவரோ பெயர்ப்பலகையில் உள்ள தலைமை ஒப்பந்தகாரரையே முதலில் அழைப்பார்.