சொந்தச் செலவில் ஒரு விஞ்ஞான நாவல்

காத்தான்குடியிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால் ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம் ஆகிய ஊர்களைத் தாண்டிச் செட்டிபாளையம் வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்று அங்கேதான் இருக்கிறார். 2021 இன் கடைசியில் என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியோடு அவர் வீட்டு விறாந்தையில் போய் அமர்ந்தேன்.

நாவலின் கரு எங்கள் வாவியிலிருந்து பிறந்தது. நிலாக்கால இரவுகளில் மட்டக்களப்பு வாவியிற் கேட்கும் மீன்பாட்டைப் பற்றி எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலிலேயே எழுதியிருக்கிறார். அந்த ஓசை தொலைதூரக் கிரகமொன்றிலிருந்து வந்த சேதியாக இருந்தால் என்ன என்பதே என் கற்பனை.

ஒரு மாதத்தின் பின் பிரதி சிவப்பு மையோடு திரும்பியது. ஓரிடத்தில் ‘ஒட்சிசன்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஆக்சிஜன்’ என்றும் எழுதியிருந்தேன். முன்னது பாடசாலை தந்த சொல்; பின்னது சுஜாதாவை வாசித்ததால் வந்த சொல். இரசாயனவியலா வேதியியலா, பௌதிகவியலா இயற்பியலா என்பதிலும் இதே குழப்பம்.

“இத ஆர் வாசிக்கப் போறாங்க தம்பி? அத முதல்ல முடிவெடுங்க” என்றார் சேர்.

சொற்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அன்று நினைத்தேன். கலைச்சொல் எங்கள் பகுதிக்குப் புதிய பிரச்சினையல்ல. அதே வீதியில் இன்னும் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானப் பட்டதாரியாக இருந்து துறவியானவர். 1930களில் சென்னையிலே நடந்த கலைச்சொல்லாக்கப் பணியிலும் முன்னின்றவர். நானும் இலங்கைச் சொற்களையே வைத்துக்கொண்டு, பிரச்சினை தீர்ந்தது என்று அச்சகத்துக்குப் போனேன்.

அது 2022 மார்ச் மாதம். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்ட காலம். ஜனவரியில் அச்சகம் சொன்ன விலை மார்ச்சில் இரட்டிப்பாயிற்று. பிரதிகளைக் குறைத்தாற் செலவு குறையும் என்று நினைத்தேன். பக்க வடிவமைப்புக்கும் தகடு செய்வதற்கும் நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒரே செலவுதான். ஆகவே குறைக்கக் குறைய ஒவ்வொரு பிரதியின் விலையும் ஏறும் என்று அச்சக உரிமையாளர் விளக்கினார். மனைவியின் காப்பிரண்டை அடகு வைத்து ஐந்நூறு பிரதிகள் அடித்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்தபோது பதினாறு பக்கங்கள் இடம்மாறியிருந்தன. விண்கலம் புறப்படுமுன்பே கதாநாயகன் திரும்பி வந்துவிட்டான்! பிழையான பக்கங்களை மறுபடி அடித்து ஒட்டியதிலே இன்னும் ஒரு மாதம் போயிற்று.

வெளியீட்டு விழாவை நம்மவர் நன்கறிவர். தலைமையுரை, வாழ்த்துரை, நூல் நயவுரை, முதற் பிரதி பெறும் தனவந்தர், பொன்னாடை. அன்று எண்பது பிரதிகள் போயின. நண்பர்களே வாங்கினர், வாசித்தவர் எத்தனை பேரென்பது வேறு விடயம். புத்தகக் கடைகள் விற்ற பின்னரே காசு என்றன. விஞ்ஞான நாவல் என்றதும் ஒரு கடைக்காரர் அதைப் பரீட்சை வழிகாட்டி நூல்களோடு அடுக்கிவிட்டார். முந்நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் எங்கள் அறையில் அலுமாரிக்கு மேலே கிடந்தன. காப்பும் அடகிலேயே கிடந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

அந்த நாட்களில்தான் பழைய வரலாற்றைப் புரட்டினேன். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் ‘அஸன்பேயுடைய கதை’ 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர், அறிஞர் சித்திலெவ்வை. இலங்கையில் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்து அவற்றின் பிரதிகளைப் பேணுவதற்கான கட்டளைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். நாவல் என்ற வடிவமே அன்றைய முஸ்லிம் வாசகனுக்கு, இன்று விஞ்ஞானக் கதை இருப்பதைவிட அந்நியமானது. தமிழுக்கே அது புதிது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்து ஆறு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

சித்திலெவ்வையிடம் இருந்து என்னிடம் இல்லாதது என்ன? நாவலுக்கு மூன்றாண்டுகள் முன்பே, 1882 டிசம்பரில், அவர் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1883 ஜனவரியில் எகிப்தின் ஒறாபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கியதும் மிஸ்று தேசத்துச் செய்தி இங்குள்ள முஸ்லிம்களின் வீட்டுப் பேச்சானது. மிஸ்றிலே பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் அஸனின் கதை வந்தபோது அதை வாங்கிப் பார்க்கக்கூடிய ஒரு கூட்டம் ஏற்கெனவே திரண்டிருந்தது. சொந்த முயற்சிதான், ஆனால் அவர் முதலிற் சேர்த்தது வாசகரை.

இன்னோர் உதாரணம் எனக்கு வியப்பையே தந்தது. முஸ்லிம் பெண் எழுதிய தொடக்ககால விஞ்ஞானக் கற்பனைகளில் முக்கியமானது, வங்காளத்து றொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. சூரிய வெப்பத்தை ஆயுதமாக்கி, ஆகாய ஊர்தியிற் பறந்து பெண்கள் ஆளும் தேசத்தின் கதை அது. அக்கதை 1905 இல் முதன்முதலாக அச்சேறியது கல்கத்தாவில் அல்ல. நம் தமிழ்ச் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் சஞ்சிகையில். தனி நூலானது 1908 இல். முதலில் சஞ்சிகை, பிறகே நூல்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் எண்பதுகளில் ஆனந்த விகடனிலே வாரா வாரம் வாசகரைச் சேர்த்துவிட்டுத்தான் புத்தகமானது. அமெரிக்கரான அண்டி வெயர் தமது செவ்வாய்க் கிரக நாவலை 2009 முதல் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக இட்டார். விஞ்ஞானம் தெரிந்த வாசகர்கள் அவரது கணக்குகளிலே பிழை பிடித்தனர், அவர் திருத்தினார். 2011 இல் அதைத் தாமே மின்னூலாக்கிச் சொற்ப விலைக்கு விற்றார். பெரிய பதிப்பகம் அச்சிட்டது 2014 இல்.

இவர்கள் எல்லோரும் வாசகரிலிருந்து நூலுக்கு வந்தவர்கள். நானோ நூலை அடித்து வைத்துக்கொண்டு வாசகரைத் தேடினேன். சேரின் கேள்விக்கு நான் பதில் சொல்லாமலே அச்சகத்துக்குப் போயிருக்கிறேன்.

குறை என்னுடையது மட்டுமல்ல. ‘இளம்பிறை’ எம்.ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடு, எஸ்.எம். ஹனிபாவின் கல்ஹின்னைத் தமிழ் மன்றம், பீ.எம். புன்னியாமீனின் சிந்தனை வட்டம் என்று நம் சமூகத்தில் வெளியீட்டு முயற்சிகள் பல நடந்துள்ளன. அவை பெரும்பாலும் தனி மனிதரின் தோளிலே நின்றவை. அந்தத் தோள் சாய்ந்ததும் அந்தச் சுமையைத் தாங்க அடுத்தவர் இலர். கையெழுத்துப் பிரதியைக் கண்டிப்போடு வாசித்து, ‘இந்த அத்தியாயம் வேண்டாம்’ என்று சொல்ல ஓர் ஆள் நமக்கு இன்றும் அரிது. சொந்தச் செலவில் வெளியிடுபவன் காசை மட்டும் இழப்பதில்லை; அந்த ஆளையும் இழக்கிறான்.

எனக்கு அந்த ஆள் கிடைத்தது செட்டிபாளையத்தில். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், அந்த வீதியாற் போவதற்கே எங்களவர் அஞ்சிய காலம் உண்டு. சேரை நான் மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் சென்றன.

இப்போது இரண்டாவது நாவலை எழுதுகிறேன். அச்சகத்துக்கு இன்னும் போகவில்லை. முதல் அத்தியாயத்தை இருபது போட்டோப் பிரதிகள் எடுத்தேன். பத்து காத்தான்குடி மாணவருக்கு; பத்தைச் சேர் தம்மிடம் வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பதினான்கு பிரதிகள் திரும்பி வந்தன. செட்டிபாளையத்துப் பிள்ளையொன்று ஓரத்திற் குறித்திருந்தது: “தண்ணிக்குள்ள சத்தம் மெதுவாப் போகும் எண்டு எழுதியிருக்கீங்க. பிழை. காத்துல போறதவிட நாலு மடங்குக்கு மேல வேகமாப் போகும்.”

சரிதான். காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். நீரில் ஏறத்தாழ 1500. முழு நாவலும் மீன்பாட்டைப் பற்றியது. இந்தப் பிழையோடு அச்சாகியிருந்தால் ஐந்நூறு பிரதிகளிலும் அது நின்றிருக்கும்.

அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். காப்பிரண்டில் ஒன்றையும் மீட்டுவிட்டேன்.