சிறுவர் பேஸ்போலும் பெரியவர்களுக்கான விதிகளும்

1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் சிறுவர் பேஸ்போல் இறுதிச் சுற்று நடைபெற்ற வேளையில், அங்கு அழைத்து வரப்பட்டும் விளையாட அனுமதிக்கப்படாத ஓர் அணி பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தது. தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவர்களின் அணி அது. அவர்களை விளையாட விடுமாறு அரங்கிலிருந்தோர் குரலெழுப்பினர். ஆயினும், விதி இடமளிக்கவில்லை.

அவ்விதி யாது, அதனை வகுத்த அமைப்பு எவ்வாறு நிர்வகிக்கப்படுகின்றது என்பவற்றை அறிந்துகொள்வது, சிறுவர் விளையாட்டை நடத்த முன்வரும் எந்தச் சமூகத்துக்கும் பயன் தரும். எமது எல்லே ஆட்டத்தை அறிந்த வாசகர்களுக்கு பேஸ்போலின் அடிப்படையை விளக்க வேண்டிய அவசியமில்லை.

'லிட்டில் லீக்' என்னும் அமைப்பை 1939இல் கார்ல் ஸ்டோட்ஸ் என்பவர் இதே வில்லியம்ஸ்போர்ட்டில் மூன்று அணிகளுடன் ஆரம்பித்தார். உள்ளூர் வர்த்தக நிறுவனங்கள் அனுசரணை வழங்கின. பெரியவர்களின் ஆடுகளத்தில் தளங்களுக்கு இடையில் 90 அடி தூரம் இருக்கும். அவர் அதனை 60 அடியாகக் குறைத்தார். பிள்ளைகளுக்கேற்ப விளையாட்டை மாற்றவேண்டுமேயன்றி, விளையாட்டுக்கேற்பப் பிள்ளைகளை வருத்தக் கூடாது என்பதே அவரது எண்ணமாயிருந்தது. அமைப்பு வளர்ந்து பெரும் நிறுவனமாக மாறியபோது, அதன் போக்குக் குறித்து எழுந்த பிணக்கு 1955இல் நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் தோற்றுவித்தவரே வெளியேற நேர்ந்தது. 1964இல் அமெரிக்க காங்கிரஸ் இவ்வமைப்புக்குச் சட்டபூர்வ சாசனம் வழங்கியது.

இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ள போதிலும், இதன் அடிப்படை அலகு உள்ளூர் லீக்தான். ஒவ்வொரு லீக்கும் ஆண்டுதோறும் தலைமையகத்திடம் அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். தனக்கென யாப்பு வைத்திருக்கவேண்டும். எந்தெந்தத் தெருக்களுக்குள் வாழும் அல்லது பாடசாலை செல்லும் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதைக் காட்டும் எல்லை வரைபடத்தைச் சமர்ப்பிக்கவேண்டும். அங்கத்தவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் பணிப்பாளர் சபையில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருடன் பாதுகாப்பு அலுவலரும் 'வீரர் முகவர்' என்பவரும் இடம்பெறுவர். எவரும் சம்பளம் பெறுவதில்லை. வயதுச் சான்றுகளைப் பார்ப்பதும், பிள்ளைகள் அணிகளுக்குப் பகிரப்படுவதை மேற்பார்வை செய்வதும் வீரர் முகவரின் கடமை. அவர் தமது பிரிவில் எந்த அணிக்கும் முகாமையாளராகவோ பயிற்றுநராகவோ இருக்க முடியாது. தனது பிள்ளை ஆடும் அணிக்குச் சிறந்த வீரர்களைச் சேர்க்கத் துடிக்கும் தகப்பனை நன்கறிந்தவர்களே இவ்விதியை எழுதியிருக்கவேண்டும்!

வழமையான பருவப் போட்டிகளில், அணியிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் எதிரணியின் ஆறு பேர் ஆட்டமிழக்கும் அளவுக்கேனும் களத்தடுப்பில் நிற்கவேண்டும். ஒரு தடவையாயினும் துடுப்பெடுத்தாடவேண்டும். வாங்கில் அமர்த்தி வைப்பதற்கென்று பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. 2007ஆம் ஆண்டு முதல் பந்து வீசுவதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. 11, 12 வயதுடையோர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீச முடியாது. 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசிய பிள்ளைக்கு நான்கு நாட்கள் ஓய்வு வழங்கப்படவேண்டும். வெற்றியை விரும்பும் பயிற்றுநரிடமிருந்து பிள்ளையின் முழங்கையைக் காப்பதற்கான ஏற்பாடு இது.

உற்று நோக்கின், இவ்விதிகளிற் பெரும்பாலானவை பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவன அல்ல. அவர்களைச் சூழ்ந்திருக்கும் பெரியவர்களைக் கட்டுப்படுத்துவன. பாரிய மீறல்களும் பெரியவர்களாலேயே இடம்பெற்றன. 2001இல் நியூயோர்க் பிரொங்க்ஸ் அணியின் நட்சத்திரப் பந்துவீச்சாளனுக்கு வயது பன்னிரண்டல்ல, பதினான்கு என்பது அம்பலமானபோது, பிறப்புப் பதிவைத் திரித்தவர்கள் வளர்ந்தவர்களே என்பதும் தெரியவந்தது. 2014இல் அமெரிக்க சம்பியனான சிக்காகோவின் ஜக்கி ரொபின்சன் வெஸ்ட் அணி, எல்லைக்கு வெளியே வாழ்ந்த பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகத் திரிக்கப்பட்ட வரைபடத்தைப் பயன்படுத்தியதென 2015 பெப்ரவரியில் தலைமையகம் தீர்மானித்து, பட்டத்தைப் பறித்தது. முழுவதும் கறுப்பினச் சிறுவர்களைக் கொண்ட அவ்வணி ஈட்டிய வெற்றியை நாடே கொண்டாடியிருந்தது. வரைபடத்தை வரைந்தவர்கள் பெரியவர்கள். பட்டத்தை இழந்தவர்கள் பிள்ளைகள். விதிப்படி வேறு முடிவு சாத்தியமில்லை என்று தலைமையகம் கருதியிருக்கலாம். எனினும், தண்டனை போய்ச் சேர்ந்த இடம் மனதை உறுத்தவே செய்கின்றது.

1955ஆம் ஆண்டின் விவகாரம் இதனினும் பாரதூரமானது. சார்ள்ஸ்டனின் கனன் வீதி வை.எம்.சி.ஏ. அணி முறைப்படி பதிவு செய்து மாநிலச் சுற்றுப்போட்டிக்கு விண்ணப்பித்தது. கறுப்பினச் சிறுவர்களுடன் ஆட மறுத்து வெள்ளையரின் லீக்குகள் யாவும் விலகிக்கொண்டன. விலகியோர் வெள்ளையருக்கு மட்டுமான வேறோர் அமைப்பையும் உருவாக்கினர். நிறவேறுபாட்டை ஏற்க மறுத்த தலைமையகத்தின் நிலைப்பாடு அக்காலத்தில் துணிச்சலானதே. ஆனால் அடுத்த கட்டத்தில், ஆடாமலே பெற்ற வெற்றியுடன் மேற்சுற்றுக்குச் செல்ல முடியாதென்ற விதி குறுக்கே நின்றது. எதிர்த்து ஆட மறுத்தவர்களின் குற்றம், ஆடுவதற்குக் காத்திருந்தவர்களின் தகுதியின்மையாக மாற்றப்பட்டது. விதி எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. சிறுவர்கள் விருந்தினராக வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைக்கப்பட்டனர்.

பெண் பிள்ளைகளின் விடயத்திலும் விதியே தடையாயிருந்தது. 1972இல் நியூ ஜேர்சியின் ஹொபோக்கன் நகரில் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டங்களில் விளையாடிய பின்னர், அனுமதிப் பத்திரத்தை இழக்க நேரிடுமென உள்ளூர் லீக் எச்சரிக்கப்பட்டது. அவர் நீக்கப்பட்டார். சட்டப் போராட்டம் 1974இல் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் தலைமையகம் தனது விதியை மாற்றியது. காங்கிரஸும் சாசனத்தைத் திருத்தியது. அதற்குள் மரியா லிட்டில் லீக்கின் வயதெல்லையைக் கடந்திருந்தார்.

கனன் வீதி அணியை 1955ஆம் ஆண்டின் தென் கரோலினா சம்பியனாகத் தலைமையகம் அங்கீகரித்தது 2002இல்தான். அன்று பன்னிரண்டு வயதுச் சிறுவர்களாயிருந்தவர்கள் அப்போது அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர்.