இசைத்தட்டும் கேட்கும் மக்களும்

அமெரிக்காவில் வெள்ளையர் நடத்திய இசைத்தட்டுக் கம்பெனிகள், கறுப்பின மக்கள் தட்டு வாங்கமாட்டார்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தன. கறுப்பினப் பாடலாசிரியர் பெர்ரி பிராட்ஃபோர்டு இதனை ஏற்கவில்லை. கம்பெனிகளின் வாயில்தோறும் ஏறி இறங்கினார். ஈற்றில் ஓக்கே கம்பெனி இணங்கிற்று. 1920 ஆகஸ்டு 10ஆம் நாள் நியூயார்க்கில் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி ‘கிரேஸி புளூஸ்’ பாடலைப் பதிவு செய்தார். தட்டின் விலை ஒரு டாலர். உழைப்பாளிக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் மக்கள் திரண்டு வாங்கினர். புல்மன் இரயில் பெட்டிகளில் ஊழியம் செய்த கறுப்பினத் தோழர்கள் தட்டுகளைச் சுமந்து சென்று தென்மாநிலங்களில் விற்றனர். முதலாளி அறியாத சந்தையை இந்தச் சுமைதூக்கிகள் அறிந்திருந்தனர்!

ஆனால் இலாபம் எவர் கைக்குச் சென்றது? இதனைச் சிந்தித்த ஹாரி பேஸ், 1921இல் ‘பிளாக் ஸ்வான்’ என்னும் சொந்தக் கம்பெனியை நிறுவினார். கறுப்பு அன்னம் என்பது அதன் பொருள். அடிமையாய்ப் பிறந்து பாடகியாய்ப் புகழெய்திய எலிசபெத் கிரீன்ஃபீல்டு அம்மையாரை மக்கள் அழைத்த பெயர் அது. அறிஞர் டூபாய்ஸ் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். எத்தெல் வாட்டர்ஸ் பாடிய தட்டுகள் நன்கு விற்றன. பின்னர்ப் பெரிய கம்பெனிகளும் அதே மக்களை நாடி வந்தன. அவற்றின் போட்டியைச் சிறு முதல் தாங்கவில்லை. இதனை வெறும் தோல்வி என்றெழுத என் மனம் ஒப்பவில்லை. எனினும் 1923 இறுதியில் கம்பெனி நொடித்தது. மறு ஆண்டே அதன் தட்டுகள், வெள்ளையருடைய பாரமவுண்ட் கம்பெனியின் வசமாயின.